பழம் பிழைத்துவிட்டது, ஊர் எதற்கு?

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்துத் தென்பகுதியில் உள்ள வைட்ஸ்பாக் என்னும் சிற்றூருக்கு என்னுடன் வந்த நண்பர், தன்னார்வலர்கள் சிலர் பழைய மரவீடு ஒன்றின் சன்னல் சட்டங்களிலிருந்து உரிந்த வண்ணத்தைச் சுரண்டிக்கொண்டிருந்ததைச் சிறிது நேரம் நின்று பார்த்தார். பிறகு, “பழந்தான் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டதே, இனி இந்தப் பலகை வீடுகளைக் காப்பாற்றி என்ன ஆகப் போகிறது?” என்று கேட்டார். அதை அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. உழவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பயிர் நிலைத்தால் போதும், களஞ்சியம் விழுந்தால் வேறொன்றைக் கட்டிக்கொள்ளலாம் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கில் பிழை எங்கே இருக்கிறது என்று எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. பிழை இருக்கிறது என்பது மட்டும் உறுதியாகத் தோன்றியது. அதன்பின் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

இன்று எந்தப் பெரிய அங்காடியிலும் ஆண்டு முழுவதும் கிடைக்கும் ப்ளூபெர்ரி, 1916ஆம் ஆண்டு வரை எந்தச் சந்தைக்கும் தோட்டத்து விளைச்சலாக வந்ததில்லை. காட்டுப் புதர்களிலிருந்து பறித்துவந்த பழந்தான் அதுவரை விற்பனைக்கு வந்தது. அந்த ஆண்டில் முதன்முதலாக வணிக அளவில் பயிரிட்ட ப்ளூபெர்ரி விற்பனைக்குப் புறப்பட்டது வைட்ஸ்பாக்கிலிருந்துதான். நண்பர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு: இவ்வூர் உலகுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்துவிட்டது.

மணலும் புளித்த மண்ணும்

வைட்ஸ்பாக் அமைந்திருக்கும் பைன் பேரன்ஸ் என்ற நிலப்பரப்பை, முதலில் குடியேறிய ஐரோப்பியர்கள் எதற்கும் உதவாத மலட்டு நிலம் என்றே கருதினார்கள். கோதுமைக்கும் சோளத்துக்கும் அது அப்படித்தான். வெண்மணல், அதன்மேல் பிட்ச் பைன் மரங்கள், மரங்களுக்கிடையே தேயிலைச் சாற்றின் நிறத்தில் ஓடும் ஓடைகள், ஓடைகளின் கரையில் அமிலம் மிகுந்த கரிய சதுப்பு. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தச் சதுப்புகளில் படிந்திருந்த இரும்புத் தாதுவை வெட்டியெடுத்து உலைகளில் உருக்கினார்கள். பென்சில்வேனியாவின் நிலக்கரியும் தரமான தாதுவும் அந்தத் தொழிலைத் தோற்கடித்த பிறகு, காட்டில் தானாகப் படர்ந்திருந்த கிரான்பெர்ரிக் கொடியின்மீது நில உடைமையாளர்களின் கண் விழுந்தது. அந்நிலத்தின் பூர்வகுடிகளான லெனாப்பே மக்கள் நெடுங்காலமாகப் பறித்துத் தின்ற, புளிப்பான சிவப்புப் பழம் அது.

ஜேம்ஸ் ஃபென்விக் என்பவர் 1857இல் இங்கே நிலம் வாங்கிக் கிரான்பெர்ரி பயிரிடத் தொடங்கினார். அவருடைய மகளை மணந்த ஜோசப் ஜே. வைட், 1870இலேயே கிரான்பெர்ரிச் சாகுபடியைப் பற்றி ஒரு நூல் எழுதியவர். பண்ணையை விரிவாக்கியவரும் அவரே. அது ஏறத்தாழ 3,000 ஏக்கர் பண்ணையாகி, நியூ ஜெர்சியிலேயே மிகப் பெரிய கிரான்பெர்ரிப் பண்ணை என்று பெயர் பெற்றது. கிரான்பெர்ரி தண்ணீரை நம்பிய பயிர். பனிக்காலத்தில் கொடிகள் கருகாமல் இருக்க வயலை நீரில் மூழ்கடிக்க வேண்டும். வேனில் தொடங்கும்போது அந்த நீரை வடிக்க வேண்டும். திடீர் உறைபனி வரும் இரவில் மறுபடியும் நீர் பாய்ச்ச வேண்டும். அதற்காக ஏரிகள், கரைகள், வாய்க்கால்கள், பலகை செருகி நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் மதகுகள் எல்லாம் மண்வெட்டியும் குதிரை வண்டியும் கொண்டு அமைக்கப்பட்டன. ஊருக்குள் நுழைகிறவர் முதலில் காண்பது பலசரக்குக் கடையும், பீப்பாய்ப் பட்டறையும், பழத்தைத் தரம் பிரித்துப் பெட்டிகளில் அடைத்த பெரிய கட்டடமும், தொழிலாளர் குடில்களும்தான். ஆனால் அந்த ஊர் ஏன் அங்கே இருக்கிறது என்பதைக் கட்டடங்களைவிடக் கரைகளே தெளிவாகச் சொல்கின்றன. வந்தவர்களில் பலர் கடையோடு திரும்பிப் போவதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது; அரைமணி நேரம் கரைமேல் நடந்திருந்தால் அவர்கள் கண்ட ஊர் வேறாக இருந்திருக்கும்.

அளவுத் தகடு

ஜோசப் வைட்டின் மூத்த மகள் எலிசபெத் கோல்மன் வைட், 1871இல் பிறந்தவர். தந்தையுடன் பண்ணை வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய கையில், அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கொவில் 1910இல் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்று கிடைத்தது. ப்ளூபெர்ரியைத் தோட்டப் பயிராக்க முடியாது என்பதே அதுவரை உழவர்களின் பொதுக் கருத்து. நன்கு எருவிட்டு, சுண்ணாம்பு சேர்த்துப் பண்படுத்திய மண்ணில் நட்டால் செடி நலிந்து போயிற்று. கொவில் அதன் காரணத்தைக் கண்டுபிடித்திருந்தார்: அந்தச் செடிக்கு அமில மண்ணே வேண்டும். மற்றப் பயிர்களுக்கு நல்லது என்று நாம் செய்யும் பண்படுத்தலே அதைக் கொன்றது. பைன் பேரன்ஸின் மலட்டு மண் அந்தச் செடிக்கு உகந்த மண்ணாக இருந்தது. ப்ளூபெர்ரி கோடையில் பழுக்கிறது, கிரான்பெர்ரி இலையுதிர் காலத்தில் பழுக்கிறது என்பதால் ஒரே பண்ணை இரண்டையும் முன்பின்னாகப் பறிக்க முடியும் என்ற உழவர் கணக்கும் எலிசபெத் வைட்டின் மனத்தில் இருந்தது. 1911இல் அவர் கொவிலுக்குக் கடிதம் எழுதினார். நிலமும் ஆளும் நாங்கள் தருகிறோம், ஆய்வை இங்கே வந்து செய்யுங்கள் என்பது அந்த அழைப்பின் சாரம்.

ஆய்வுக்கு முதல் தேவை நல்ல தாய்ச்செடிகள். அவை காட்டில்தான் இருந்தன. எந்தப் புதரில் பெரிய பழம் காய்க்கும் என்பது காட்டில் வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். பைனிகள் என்று வெளியுலகம் இழிவாக அழைத்த அந்த மக்கள், பருவத்துக்குப் பருவம் பாசியும் பழமும் பைன் கூம்பும் சேகரித்து விற்று வாழ்ந்தவர்கள். எலிசபெத் வைட் அவர்களிடம் அச்சிட்ட குறிப்புகளையும், அடையாளச் சீட்டுகளையும், மாதிரிப் பழம் போட்டுவைக்கச் சிறு புட்டிகளையும், ஓர் அளவுத் தகட்டையும் கொடுத்தார். தகட்டில் ஒரு துளை. அதன் குறுக்களவு எட்டில் ஐந்து பங்கு அங்குலம், அதாவது ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். அந்தத் துளைக்குள் நுழையாத பழம் காய்க்கும் புதரைக் காட்டுகிறவருக்குச் சன்மானம் உண்டு. புதருக்கு அவர் பெயரே சூட்டப்படும்.

பெயர் சூட்டுவதாகச் சொன்னதை அவர் நிறைவேற்றவும் செய்தார். ஹார்டிங், குரோவர், சூய், சாம், ஆடம்ஸ் என்று புதர்கள் மனிதர்களின் பெயரால் வழங்கலாயின. ரூப் லீக் என்பவர் காட்டிய புதருக்கு, அவருடைய முதற்பெயரோடு குடும்பப் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து ரூபெல் என்று பெயர் வைத்தார்கள். இப்படி வந்து சேர்ந்த நூறுக்கும் மேற்பட்ட புதர்களில் பெரும்பாலானவை தேறவில்லை. தேறிய சிலவற்றுள் ரூபெல் தலையாயது. அது இன்றும் பயிரிடப்படுகிறது. ரூபெலையும் குரோவரையும் கலந்து உருவாக்கிய ஜெர்சி என்ற வகை 1928இல் வெளிவந்தது. ஜெர்சியின் வழியில் வந்த புளூகிராப் 1952இல் வெளியாகிப் பல பத்தாண்டுகள் உலகில் மிகப் பரவலாகப் பயிரிடப்பட்ட வகைகளில் ஒன்றாக இருந்தது. பெட்டியில் வரும் பழத்தைத் தின்கிறவர், பெரும்பாலும் அறியாமலேயே, பைன் காட்டில் ஒருவர் தகட்டை வைத்து அளந்த அந்தப் புதரின் பேரப்பிள்ளையைத்தான் தின்கிறார்.

இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அறிவியலாளரின் ஆய்வும், நில உடைமையாளரின் துணிவும், காட்டுவாசியின் அறிவும் ஒன்றாகச் சேர்ந்ததைச் சொல்லும் கதை அது. 1913இல் பைன் பேரன்ஸ் மக்களை அறிவுக்குறைபாடு உடையவர்கள் என்று சித்திரித்த ஓர் அறிக்கை வெளியானபின், அவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்று மாநில ஆளுநரே பேசினார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அந்தக் காலத்தின் அத்தகைய கருத்துகளிலிருந்து எலிசபெத் வைட்டும் முற்றிலும் விலகி நின்றவர் அல்லர். ஆனாலும் அதே ஆண்டுகளில் அதே மக்களின் பெயர்கள் அவருடைய நாற்றங்காலில் செடிகளின் பெயர்களாக நிலைத்தன. ஓர் ஊரின் வரலாறு இப்படி முரண்களோடுதான் கிடைக்கிறது. ஆனால் நண்பரின் கேள்விக்கு இந்தக் கதையில் பதில் இல்லை. ரூபெல் என்ற பெயரைக் காப்பாற்ற ரூபெல் செடியே போதும். அதற்குப் பலகை வீடு தேவையில்லை.

1910, செப்டம்பர் 28

எனக்குப் பதில் கிடைத்தது வேறோர் இடத்தில். ஊரைப் பார்த்துவந்த பிறகு அதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ஒளிப்படத் தொகுப்பில் லூயிஸ் ஹைன் எடுத்த வைட்ஸ்பாக் படங்களைக் கண்டேன். குழந்தைகளை வேலைக்கு வைப்பதை எதிர்த்த குழந்தைத் தொழிலாளர் தேசியக் குழுவுக்காக நாடெங்கும் சுற்றி, ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வயல்களிலும் வேலை செய்த சிறுவர் சிறுமியரைப் படம் பிடித்தவர் ஹைன். 1910 செப்டம்பர் இறுதியில் அவர் இந்தக் கிரான்பெர்ரி வயல்களுக்கு வந்தார். ஒரு படத்தில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பழப் பெட்டியைச் சுமந்து நிற்கிறாள். படத்துக்கான குறிப்பில், அவள் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்தவள் என்றும், மூன்று கோடைகளாக வேலை செய்கிறாள் என்றும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள் என்றும், ஒரு தடவைக்கு இரண்டு பெக் பழம் சுமக்கிறாள் என்றும் எழுதியிருக்கிறது. இரண்டு பெக் என்பது பதினேழு லிட்டருக்கும் மேற்பட்ட கொள்ளளவு. அடுத்து வரும் வரிதான் என்னை நிறுத்திவைத்தது: பள்ளி திறந்து இது நான்காவது வாரம், இங்குள்ளவர்கள் இன்னும் இரண்டு வாரங்கள் தங்குவார்கள்.

அந்தச் சிறுமியைப் போன்றவர்கள் வந்த வழி தெரிந்ததுதான். ஃபிலடெல்ஃபியாவின் இத்தாலியக் குடியிருப்புகளிலிருந்து பட்ரோனே எனப்பட்ட கங்காணிகள் குடும்பம் குடும்பமாக ஆட்களைத் திரட்டி, அறுவடைக் காலத்தில் வயல்களுக்கு அழைத்துவந்தார்கள். பண்ணைக்குள் அவர்களுக்கென்றே இருந்த இரண்டு குடியிருப்புகளுக்கு ரோம் என்றும் ஃபிளாரன்ஸ் என்றும் பெயர். பெற்றோர் குனிந்து பறிக்க, பிள்ளைகளும் பறித்தார்கள் அல்லது சுமந்தார்கள். கூலி பறித்த அளவுக்குத்தான் என்பதால், சிறு கைகளுக்கும் அங்கே விலை இருந்தது. ஹைனின் படங்களும் குழுவின் குற்றச்சாட்டுகளும் வெளியானபோது எலிசபெத் வைட் அவற்றை மறுத்துப் பொதுவெளியில் வாதிட்டார். தம் பண்ணையின் நிலைமை திரித்துக் காட்டப்படுகிறது என்று அவர் உளமார நம்பினார். அவர்தான் 1911இல் கொவிலுக்குக் கடிதம் எழுதியவர். காட்டு மனிதர்களின் பெயர்களைச் செடிகளுக்குச் சூட்டியவர். இரண்டும் ஒரே மனிதர்தான் என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள எனக்கு நேரம் பிடித்தது.

அந்தப் படத்தைப் பார்த்தபோது நண்பருடைய கணக்கின் பிழை எனக்கு விளங்கியது. பழத்தில் அந்தச் சிறுமி இல்லை. ரூப் லீக் தம் பெயரைச் செடியோடு அனுப்பிவைத்தார். அவளுடைய பெயரை எந்தச் செடியும் ஏற்கவில்லை. அவள் சுமந்த கிரான்பெர்ரி அந்த ஆண்டே பீப்பாயில் ஏறி எங்கோ போய்த் தீர்ந்தது. அவள் இருந்ததற்கான சான்றுகள் இரண்டே: நூலகத்தில் இருக்கும் ஓர் ஒளிப்படக் கண்ணாடித் தகடு, பைன் காட்டில் இருக்கும் ஓர் இடம். தகட்டைப் பார்க்கிறவருக்கு அவளுடைய முகம் தெரியும். ஆனால் அவள் நடந்த கரை எவ்வளவு நீளம், பெட்டியோடு எவ்வளவு தொலைவு போனாள், உரிமையாளரின் வீடு எவ்வளவு அருகில் இருந்தது என்பதெல்லாம் இடத்தில் நின்றால்தான் தெரியும். பயிர் தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. விற்பனையாகும் வரை அதற்கு ஆயிரம் காவலர்கள் உண்டு. உழைத்தவர்களின் நினைவைக் காக்கச் சந்தையில் யாரும் இல்லை. சம்பளம் இல்லாமல் சன்னல் சட்டத்தைச் சுரண்டுகிறவர்கள்தான் இருக்கிறார்கள்.

ஊர் தப்பிய விதம்

வைட்ஸ்பாக் தானாகத் தப்பவில்லை. பொய்ப்பூ நோய் எனப்பட்ட கொள்ளை நோய் 1920களிலும் 1930களிலும் நியூ ஜெர்சியின் கிரான்பெர்ரி வயல்களை அழித்தது. தத்துப்பூச்சிகள் பரப்பிய அந்த நோயில் பூ மலர்ந்தும் காய் பிடிக்காது. பிறகு இரண்டாம் உலகப் போரில் ஆட்பஞ்சம், அதன்பின் இயந்திரங்கள். பறிக்கிறவர்கள் ஊரில் தங்க வேண்டிய தேவை மறைந்ததும் ஊர் வெறுமையானது. எலிசபெத் வைட் 1954இல் காலமானார். மாநில அரசு 1967இல் பண்ணையை வாங்கி அருகிலிருந்த மாநில வனத்தோடு சேர்த்தது. அதனால் நிலம் தப்பியது. ஆனால் வீடுகளைப் பேண வனத்துறையிடம் ஆளும் பணமும் போதாது. 1982இல் வைட்ஸ்பாக் பாதுகாப்பு அறக்கட்டளை தொடங்கப்பட்ட பிறகுதான் கூரைகளும் தளங்களும் ஒவ்வொன்றாகப் பழுதுபார்க்கப்பட்டன. 1988இல் ஊர் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது.

பதிவேட்டில் இடம்பெறுவது கௌரவம். அது கூரை ஒழுகலை நிறுத்தாது. ஈரம் மிகுந்த சதுப்பின் ஓரத்தில், அடிக்கடி தீப்பற்றும் பைன் காட்டுக்குள், நூறாண்டுப் பழமையான மரக்கட்டடங்களை வைத்திருப்பது எளிதன்று. பிட்ச் பைன் தீயில் கருகினாலும் அடிமரத்திலிருந்து மறுபடி துளிர்க்கும். தீ இல்லாவிட்டால் அந்தக் காடே காடாக இருக்காது. ஆனால் வீடு துளிர்ப்பதில்லை. ஆகவே ஆண்டுதோறும் யாராவது பலகை மாற்ற வேண்டும், வண்ணம் பூச வேண்டும், சருகு அள்ள வேண்டும். வார இறுதியில் பலசரக்குக் கடையைத் திறந்துவைப்பது, வருகிறவர்களை ஊருக்குள் அழைத்துப் போவது, ஜூன் மாத இறுதியில் நடக்கும் ப்ளூபெர்ரித் திருவிழாவுக்கு ஆயிரம் ஏற்பாடுகள் செய்வது, 1923இல் எலிசபெத் வைட் கட்டிய சனிங்கிவ் என்ற வீட்டைச் சுற்றி அவர் வளர்த்த நாட்டுச் செடிகளின் தோட்டத்தில் களை எடுப்பது என்று வேலைகள் தொடர்ந்துகொண்டே இருக்கின்றன. நான் பார்த்தவர்களில் பலர் தலை நரைத்தவர்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து மறுபடி களைக்குக் குனிந்த மூதாட்டி ஒருவரிடம், இத்தனை ஆண்டுகளாக ஏன் வருகிறீர்கள் என்று கேட்டேன். அவர் என் கேள்விக்கு விடை சொல்லாமல், எந்தச் செடிக்கு அருகில் மண்ணைக் கிளறக்கூடாது என்று எனக்குக் காட்டித் தந்தார். ப்ளூபெர்ரியின் வேர் மேல்மண்ணிலேயே பரவும். அதற்கு மற்றச் செடிகளைப் போல வேர்த்தூவிகள் கிடையாது, பூஞ்சையின் துணையோடுதான் அது உணவு எடுக்கிறது. மண்வெட்டி அங்கே பகை.

பழைய கிரான்பெர்ரிப் பண்ணையை வேறு விதமாகவும் காக்கலாம் என்பதை மறுக்க முடியாது. சாட்ஸ்வர்த்துக்கு அருகே 2003இல் நியூ ஜெர்சி பாதுகாப்பு அறநிறுவனம் ஒரு பெரிய கிரான்பெர்ரிப் பண்ணையை வாங்கி, மதகுகளை அகற்றி, வயல்களை மறுபடியும் இயற்கைச் சதுப்பாக மாற்றத் தொடங்கியது. ஃபிராங்ளின் பார்க்கர் காப்பகம் என்று அதற்குப் பெயர். நிலத்தின் நலம் என்ற நோக்கில் பார்த்தால் அது மிக நல்ல செயல். தவளைக்கும் பறவைக்கும் மனிதர் போட்ட கரை வேண்டியதில்லை. எல்லாப் பண்ணைகளையும் அருங்காட்சியகமாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லாவற்றையும் காட்டுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டால், மனிதர் அங்கே என்ன செய்தார்கள், யாரைக் கொண்டு செய்தார்கள் என்று கேட்பதற்கான இடமே இல்லாமல் போகும். ஓரிரு ஊர்களாவது ஊராக நிற்க வேண்டும். வைட்ஸ்பாக்கில் இரண்டும் ஓரளவு கூடிவந்திருக்கின்றன: பனிக்காலத்தில் பழைய வயல்களிலும் ஏரிகளிலும் ஆர்க்டிக் பகுதியிலிருந்து தூந்திர அன்னங்கள் வந்து இறங்குகின்றன. கிரான்பெர்ரிக்காகத் தேக்கிய நீர் அவற்றுக்கும் பயன்படுகிறது.

இந்த ஊரைக் காக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சனிங்கிவ் வீடும் அதன் தோட்டமும் அழகானவை; ப்ளூபெர்ரியின் அரசி என்று கொண்டாடப்படும் பெண்மணியின் கதையைச் சொல்லித் திருவிழா நடத்துவதும் எளிது; அது நியாயமும் கூட. ஆனால் அடுத்த கூரைக்குப் பணம் சேரும்போது அது தொழிலாளர் குடிலின் கூரையாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பீப்பாய் செய்தவரும் மதகு பார்த்தவரும் வாழ்ந்த அந்தச் சிறு வீடுகளின் அறை அளவு, அடுப்பு இருந்த மூலை, ஒரு குடும்பம் படுத்துறங்கிய தரை ஆகியவை எந்த நூலிலும் முழுமையாகக் கிடைக்காதவை. அறுவடைக்கு வந்தவர்களின் ரோமும் ஃபிளாரன்ஸும் நடுவூரைப் போல நிலைக்கவில்லை. அவை இருந்த இடங்களுக்குப் போகும் பாதையில், ஹைன் எடுத்த படங்களின் பெரிய பிரதிகளை, அவற்றின் குறிப்புகளோடு, மழை படாத சட்டங்களில் நிறுத்தலாம். எலிசபெத் வைட்டின் மறுப்பையும் அதன் அருகிலேயே எழுதிவைக்கலாம். இரு தரப்பையும் படித்துவிட்டு நடக்கிறவர் தாமே எடை போட்டுக்கொள்வார். தோட்டத்துப் பணிக்கு என் பெயரையும் கொடுத்திருக்கிறேன். அங்கே போகும்போது இந்த யோசனையை எழுத்தில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். சட்டங்களை நிறுத்தக் குழி தோண்ட ஆள் வேண்டுமென்றால் அதற்கும் வருவேன் என்று அதில் எழுதியிருக்கிறேன்.